வட்டம் விழாத பட்டை

இன்றைக்கும் கிருமி வளர்க்கும் தட்டில் ஒரு வட்டம் இல்லை. கிருமிகள் பாய் விரித்ததுபோல் தட்டு முழுக்கப் படர்ந்து கிடந்தன. மரப்பட்டைச் சாற்றில் நனைத்த காகித வில்லையை நடுவில் வைத்திருந்தேன். சாற்றுக்கு மருந்துக் குணம் இருந்தால் வில்லையைச் சுற்றிக் கிருமிகள் செத்து, வெறும் வட்டம் தெரிய வேண்டும். பேருக்குக்கூட ஒன்றும் சாகவில்லை.

முதல் தடவை மட்டும் விழுந்ததே ஒரு வட்டம்! பேராசிரியர் ஆய்வகம் முழுக்கக் கூப்பிட்டுக் காட்டினார். அதை நம்பித்தான் எனக்கு இந்த வேலையே கொடுத்தார். பிறகு அதே மரம், அதே பக்குவம், ஆனால் பலன் பூஜ்யம். கல்லுளிமங்கன் மாதிரி உட்கார்ந்திருக்கும் தட்டுகளைச் சுவரில் அடித்து உடைக்கலாம்போல் ஆத்திரம் வந்தது.

"கடைசியா ஒரு தடவை பாருங்க. வரலேன்னா இதை மூடிடலாம்," என்றார் பேராசிரியர். என் வேலையையும் சேர்த்துத்தான்.

தலையைப் பிய்த்துக்கொண்டு யோசித்ததில் ஒன்று தட்டுப்பட்டது. முதல் தடவை ஆய்வகத்தின் உலர்த்தும் அடுப்பு பழுது. பட்டையை எங்கள் வீட்டு மொட்டைமாடியில் அம்மாதான் காயவைத்தாள். பிறகெல்லாம் அடுப்பு. அந்தச் சூடுதான் குணத்தைக் கெடுத்திருக்க வேண்டும்! புதுப் பட்டையை மூட்டை கட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

"அம்மா, போன தடவை மாதிரியே காயவைக்கணும். ஒண்ணும் மாறக் கூடாது."

"அது எனக்குத் தெரியாதா? நீ போய் முகத்தைக் கழுவு. பேயறைஞ்ச மாதிரி இருக்கு."

முகம் துடைத்துக்கொண்டே மாடி ஏறினேன். வாளித் தண்ணீரில் பட்டை மிதந்தது. அம்மா கையில் தரை துடைக்கிற கிருமிநாசினி பாட்டில்.

"என்னம்மா பண்ற?"

"கழுவுறேன். ஒரே பாசி, எறும்பு. இப்படியே கொண்டுபோனா, என்ன மாதிரி வீட்ல வளர்ந்த பொண்ணுன்னு கேட்க மாட்டாங்களா?"

"போன தடவையும் இதை ஊத்தினியா?"

"பின்னே? நல்லா ஊறவச்சுத்தான் காயப்போட்டேன்."

அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. மரம் எதையும் கொல்லவே இல்லை. கொன்றது அம்மாவின் சுத்தம்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" கத்திவிட்டேன்.

"எதுக்குடி கத்துற? கிருமி செத்துச்சில்ல? அதுதானே உனக்கு வேணும்?" என்றபடி பாட்டிலை வாளிமேல் சாய்க்கப் போனாள்.

ஊற்றினால் வட்டம் விழும். பேராசிரியர் மறுபடி எல்லாரையும் கூப்பிடுவார். வேலை தப்பிக்கும். யாருக்கும் தெரியப்போவதில்லை. அவள் கையைத் தடுக்காமல் ஒரு நொடி நின்றேன். அந்த நொடிக்காக என்மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது.

"ஊத்தாதம்மா."

"அப்போ கிருமி சாகாதேடி?"

"சாகாதும்மா," என்றேன். அவள் கையிலிருந்து பாட்டிலை வாங்கி இறுக மூடிவிட்டு, பேராசிரியருக்குப் போன் போட்டேன்.