பெயருக்கு நேரே ஒரு டிக்

பாடைக்குத் தோள் கொடுக்க வந்த பக்கிரியின் கையை அன்பரசு தட்டிவிட்டான்.

"நீ தொடாத. கேட்டுல நின்னு எங்கப்பா ஒருத்தர பாத்துக்க முடியல ஒன்னால."

பறை சட்டென்று நின்றது. மண் சரிந்த மேட்டுக்கு இன்னும் யாரையும் விடவில்லை. அதனால் அன்பரசுவின் அப்பா கோவிந்தசாமியை, ஆஸ்பத்திரியில் சுற்றிக் கொடுத்த துணியோடு, கீழே தண்ணீர் டேங்க் பக்கம் பந்தல் போட்டுக் கிடத்தியிருந்தார்கள். மருமகள் வெண்மதி, அன்பரசுவின் மனைவி, கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். அழுகை வரவில்லை.

கேப்பர் மலைச் சரிவில் அவர்கள் தெருவுக்கு முப்பது வீடு. பின்னால் இருந்த செம்மண்ணை யார் யாரோ லாரி லாரியாக வெட்டிக்கொண்டு போனதில் மேடு செங்குத்தாக நின்றது. மழை வலுத்தால் எல்லோரும் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட வேண்டும் என்று மூன்று முறை ஒத்திகையும் பார்த்தாயிற்று. பட்டியலை வைத்து ஆள் எண்ணுவது அன்பரசு, யாரும் வீட்டுக்குத் திரும்பிவிடாமல் பள்ளிக்கூடத்து கேட்டைப் பார்த்துக்கொள்வது பக்கிரி. யாராவது குறைந்தால் அன்பரசுதான் மேலே ஏறிப் போய் அழைத்து வர வேண்டும்.

முந்தாநாள் நிஜமாகவே மழை வலுத்தபோது மாமனார் அடம்பிடித்தார்.

"மூணு தடவ வந்தாச்சு. உப்புமாவ தின்னுட்டு திரும்புனதுதான் மிச்சம். நீ போம்மா, நான் பின்னாலயே வரேன்."

கட்டிலில் சாய்ந்துவிட்டார். எக்கேடோ கெட்டுப் போ என்று வெண்மதி வாய்க்குள் முனகிக்கொண்டே இறங்கினாள்.

மூன்று மணிக்குப் பள்ளிக்கூடத்தில் அன்பரசு பட்டியலோடு அவள் முன்னால் வந்து நின்றான். தொப்பலாக நனைந்து உடம்பு நடுங்கியது. காலையிலிருந்து ஐந்து தடவை ஏறி இறங்கியிருந்தான். மேட்டில் விரிசல் விட்டிருக்கிறது என்று அவனே சொன்னான்.

"அப்பா?"

"வந்துட்டாரு. உள்ள படுத்திருக்காரு."

பெயருக்கு நேரே டிக் போட்டுவிட்டு அடுத்த குடும்பத்துக்குப் போனான்.

பின்னாலேயே வந்துவிடுவார் என்றுதான் நினைத்தாள். இல்லை, அதைக்கூட நினைக்கவில்லை. புருஷன் இன்னொரு தடவை மேலே ஏறக் கூடாது, அவ்வளவுதான் நினைத்தாள். நாலரைக்கு மேடு சரிந்து மாமனார் படுத்திருந்த பின்கட்டை மூடியது. "மாமாவக் காணோம்" என்று முதலில் கத்தியவள் அவள்தான். அந்தக் கத்தலே அவளைக் காப்பாற்றிவிட்டது. கிழவர் யாருக்கும் தெரியாமல் கேட்டைத் தாண்டி வீட்டுக்குத் திரும்பியிருக்கிறார் என்று ஊரே தீர்மானித்தது.

"நான் கேட்ட விட்டு நவுரவே இல்ல மச்சான்," என்றான் பக்கிரி. "அவரு உள்ள வந்திருந்தாதான வெளிய..."

பாதியில் நிறுத்தினான். வெண்மதியைப் பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"என்னா வெளிய? சொல்லு," என்றான் அன்பரசு.

பக்கிரி அன்பரசு பக்கம் திரும்பினான். "போனேன் மச்சான். டீ குடிக்கப் போனேன். ஒரு பத்து நிமிஷம்."

இல்லைங்க என்று சொல்லத்தான் வெண்மதி எழுந்தாள். துக்கம் தாளாமல் எழுந்ததாக நினைத்து இரண்டு பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டார்கள். அந்த அணைப்புக்குள் அவளுக்கு ஒரு நிம்மதி வந்தது. ஈனத்தனமான நிம்மதி. தன்மேலேயே அருவருப்பு வந்தது, வாய் மட்டும் திறக்கவில்லை.

வேறு யாரோ தோள் கொடுத்தார்கள். கொள்ளிச்சட்டியோடு அன்பரசு முன்னே நடந்தான். மெயின் ரோடு வந்ததும் பெண்கள் நின்றார்கள். அதற்கு மேல் அவர்கள் போவதில்லை. ஆண்கள் எல்லோரும் கெடிலம் ஆற்றங்கரைச் சுடுகாட்டுப் பக்கம் திரும்பினார்கள்.

பக்கிரி திரும்பவில்லை. பெண்களோடு பெண்களாக, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான். வெண்மதி கொஞ்சம் நகர்ந்து அவனுக்கு இடம் விட்டாள்.