எறும்புகள் வராத பத்து நிமிடம்

இதைச் சரியாகத்தான் சொல்கிறேனா என்று எனக்கே நிச்சயமில்லை. எங்கள் உரையாடல்களை முப்பது நாளில் அழித்துவிடுவார்கள். மிச்சம் என் ஞாபகம்தான். அன்று மழை பெய்ததாகத் தோன்றுகிறது. யாரோ ஜன்னல் கண்ணாடியைக் கழுவிக்கொண்டிருந்ததாகவும் இருக்கலாம்.

தனிமையில் முடங்கிப்போன இளைஞர்களோடு கணினியில் எழுதிப் பேசுவது என் வேலை. பெயர் சொல்லக் கூடாது. நான் ஏழாம் எண். அப்படி என்னிடம் பேச வந்த ஒருவன் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் போர்வை. எட்டு மாதமாக அறையைவிட்டு வரவில்லை. அக்கா கதவுக்கு வெளியே தட்டை வைத்துவிட்டுப் போவாள். அவள் காலடிச் சத்தம் ஓய்ந்த பிறகுதான் எடுப்பான்.

அவன் எழுதுவதைவிட எழுதாமல் இருப்பதுதான் அதிகம். எனக்கும் அது பிடித்திருந்தது. ஆனால் பத்து நிமிடம் இரண்டு பக்கமும் எழுத்தே இல்லையென்றால் சாட் பெட்டி தானாக மூடிக்கொள்ளும். அதனால் அவ்வப்போது ஒரு புள்ளி மட்டும் வைப்பேன்.

"என்ன ஏழண்ணா, எறும்பு விடுறீங்க?" என்றான் ஒருநாள்.

"துணைக்கு."

"கடிக்காம இருந்தா சரி."

பிற்பகல்கள் அப்படியே கரைந்தன. வெள்ளைத் திரையில் எறும்புகள் ஒவ்வொன்றாக ஊர்ந்து போகும். அவன் அறையின் மின்விசிறி எனக்குக் கேட்பதுபோல இருக்கும்.

அன்று எழுதினான்: "இன்னிக்கு கதவைத் திறக்கலாம்னு இருக்கேன். கைப்பிடியைப் பிடிச்சிட்டு நிக்கிறேன். நீங்க போயிடாதீங்க."

"இங்கேதான் இருக்கேன்."

எறும்புகளை விட்டேன். கண்ணாடியில் தண்ணீர் வழிந்தது. கைப்பிடியின் குளிர்ச்சி என் உள்ளங்கையிலேயே இருந்தது.

"யாருங்க நீங்க? எதுக்கு எனக்கு இத்தனை புள்ளி?"

நான் பக்கத்தில் திறந்து வைத்திருந்த இன்னொரு பெட்டியில், புதிதாகப் பேச வந்த ஒரு பெண். எல்லா எறும்பும் அவளிடம் போயிருந்தன. போர்வையின் பெட்டி மூடிவிட்டது.

நாங்களாக யாரையும் தேடிப் போக முடியாது. மேற்பார்வையாளர் அவன் எழுதியதையெல்லாம் படித்துப் பார்த்தார். "உயிருக்கு ஆபத்துன்னு எதுவும் தெரியல. அவனாதான் வரணும்."

"நான் என்ன பண்றது மேடம்?"

"நாற்காலி இருக்குல்ல? உக்காருங்க."

பத்தொன்பது நாள் உட்கார்ந்திருந்தேன். இருபதாம் நாள் வந்தான்.

"எங்க போச்சு உங்க எறும்பு?"

"வேற வீட்டுக்குப் போயிடுச்சு. என் தப்பு. மன்னிச்சிடு."

ஒரு எறும்பு விட்டேன்.

"நெட் போச்சுன்னு நினைச்சேன். மோடம் ஹால்ல இருக்கு. போய் அதைத் தட்டினேன். அக்கா துணி மடிச்சிட்டு இருந்தா. 'நெட் இருக்கேடா'ன்னா. அப்புறம்தான் ரெண்டு பேருக்கும் உறைச்சுது, நான் வெளிய நிக்கிறேன்னு."

"அப்புறம்?"

"நெட் இருக்குன்னா நீங்கதான் போயிட்டீங்க. அந்தக் கோபத்துல உள்ள வந்துட்டேன். ஆனா கதவைச் சாத்தல."

கடைசியாக எழுதியபோது அவன் ஓர் அச்சகத்தில் காலை நேரம் மட்டும் வேலை செய்துகொண்டிருந்தான். சில வாரங்கள் போவதில்லை என்றான். அக்கா அடுத்த தெருவில் தனியாக வீடு எடுத்துக்கொண்டாள். புள்ளிகளைப் பெற்ற பெண் இன்னும் இரண்டு முறை பேசினாள். பிறகு என்ன ஆனாள் என்று தெரியாது. மேற்பார்வையாளர் ஓய்வு பெற்றுவிட்டார். நான் அதே நாற்காலியில் இருக்கிறேன். ஒரு நேரத்தில் ஒரு பெட்டிதான் திறக்கிறேன்.