மூச்சு விட்ட சுவர்

பெயிண்டர் வீட்டுப் படுக்கையறையின் வடக்குச் சுவர், ஒரு மழைக்காலத்தின் கடைசியில் மூச்சுவிடத் தொடங்கியது. உள்ளே இழுக்கும்போது சன்னல் திரை சுவரோடு போய் ஒட்டிக்கொள்ளும். வெளியே விடும்போது விலகித் தொங்கும். அக்கம்பக்கத்தார் வந்து கன்னத்தைக் காட்டிப் பார்த்தார்கள். காற்று சில்லென்று வருவதாகவும், ஈரத்துணியை மடித்து வைத்து மறந்துபோன பெட்டியின் வாடை அதில் இருப்பதாகவும் ஒப்புக்கொண்டு, அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

முதலில் மூலையில் கட்டைவிரல் அகலத்துக்குக் கருப்பாய்ப் பூஞ்சை இருந்தது, அவ்வளவுதான். வேறு யாராயிருந்தாலும் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தேடியிருப்பார்கள். பெயிண்டருக்கு அந்தப் பழக்கம் கிடையாது. ஊரில் பாதி வீடுகளின் கறையை ஒரே பூச்சில் காணாமலடித்த கை அது. பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, வெள்ளை பூசினார். பூஞ்சை வெள்ளைக்கு மேலே வந்தது. மஞ்சள் பூசினார்; மஞ்சளுக்கும் மேலே வந்து எட்டிப் பார்த்தது. இப்படி வருடக்கணக்கில் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்ததில் சுவர் தடித்து, அறை சுருங்கி, கட்டிலைக் குறுக்கே போட இடமில்லாமல் போயிற்று. பீரோவின் முதுகு நனைந்த அட்டையாக உதிர்ந்தது. பட்டுப்புடவைக்குப் பச்சை வெல்வெட் முளைத்தது. கல்யாணப் போட்டோவில் பெயிண்டரின் மீசை மாதாமாதம் வளர்ந்து மார்பைத் தொட்டது. வீட்டை விற்றுவிடலாமென்று கூப்பிட்ட தரகர், திரை ஆடுவதைப் பார்த்துவிட்டு, "சுவருக்கே இழுப்பு இருக்கு, இதை நான் யார் தலையில கட்டுறது?" என்று செருப்பை மாட்டிக்கொண்டார்.

இழுப்பு சுவருக்கு மட்டுமென்றால் பெயிண்டர் கவலைப்பட்டிருக்க மாட்டார். அவர் மனைவிக்கும் இரைத்தது. சுவர் ஆழமாக இழுத்த அளவுக்கு அவளுக்குக் குறைந்தது. அந்த வீட்டுக்கென்று அளந்து கொடுத்த மூச்சில் சுவரும் பங்கு கேட்டதுபோலத்தான். டாக்டர் முதுகில் குழாயை வைத்துக் கேட்டு, "மருந்து நான் தர்றேன்மா. ஈரத்தை உங்க வீட்டுக்காரர்தான் நிறுத்தணும்" என்றார். கூடத்துக்குப் படுக்கையை மாற்றினாள். கதவிடுக்கு வழியாகச் சுவர் அங்கிருந்தும் இழுத்தது. தம்பி வீட்டுக்குப் போகச் சொன்னதற்கு, "என் மூச்சு பூரா இங்கதானே கெடக்கு, அதை விட்டுட்டு எங்க போறது?" என்று மறுத்துவிட்டாள்.

தம்பி பிளம்பர். சுவரில் காதை வைத்துக் கேட்டான்.

"உள்ள குழாய் கசியுது மாமா. உடைச்சாத்தான் ஆகும்."

"பெயிண்டர் வீட்டுச் சுவரை உடைச்சா ஊர் சிரிக்காதா? இன்னொரு கோட்டு அடிச்சா அடங்கிடும் மாப்ளே."

"அக்கா அடங்கிடுவா மாமா."

பெயிண்டர் பிரஷைக் கீழே வைத்தார். பட்டித் தகட்டை எடுத்துச் சுரண்டினார். கடைசியாய்ப் பூசிய நீலம் போர்வைபோல் முழுசாக உரிந்து விழுந்தது. அதன் பின்னே ரோஸ், மஞ்சள், வெள்ளை என்று அவருடைய இத்தனை வருட சாமர்த்தியமும் தரையில் மடிந்து கிடந்தது. எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு காடு இருந்தது. கருப்பில் பச்சை, பச்சையில் சாம்பல், சாம்பலின் ஓரத்தில் பெயரே இல்லாத ஒரு நிறம். அத்தனையும் பஞ்சுபோல் எழுந்து தாழ்ந்துகொண்டிருந்தது. ஆயுள் முழுக்க நிறம் கலக்கிய மனிதர் தகட்டைக் கீழே போட்டார். "இந்தக் கலரை என்னால கலக்க முடியாதுடா" என்றார், சாமி சந்நிதியில் பேசுகிற குரலில். அந்த நேரம் காடு ஒரு நெடுமூச்சை இழுத்து, விடாமல் வைத்துக்கொண்டது. கூடத்தில் மனைவியின் உதடு நீலமாயிற்று.

அவர்தான் மைத்துனன் கையிலிருந்த சுத்தியலைப் பிடுங்கி முதல் அடி அடித்தார்.

காரை பெயர்ந்தது, செங்கல் சரிந்தது, துருப்பிடித்த குழாய்மூட்டு அசடு வழிந்துகொண்டு நின்றது. மைத்துனன் அதை முறுக்கி அடைத்ததும், அத்தனை வருடம் பிடித்து வைத்ததையெல்லாம் சுவர் ஒரே மூச்சாக வெளியே விட்டது. கதவுகள் திறந்துகொண்டன. தெருக்கொடிகளில் காய்ந்த துணிகளெல்லாம் ஒரே பக்கமாகப் படுத்துப் பறந்தன. ஓட்டையில் நுழைந்த வெயிலில் காடு தூளாகி உதிர்ந்தது. கூடத்தில் மனைவி வாயைத் திறந்தாள். காற்று முழுக்க அவளுக்குள் போயிற்று, ஒரு மிடறுகூட வீணாகவில்லை.

பிறகு அவள் பெயிண்டரைத் திட்ட ஆரம்பித்தாள்.

முதல் பூச்சில் தொடங்கி, பீரோ, புடவை, மீசை, ஊர் சிரிப்பு என்று வரிசையாக, நடுவில் எங்கேயும் மூச்சு வாங்காமல், காலையிலிருந்து விளக்கேற்றும் வரை ஒரே வாக்கியமாகத் திட்டினாள். அக்கம்பக்கத்தார் வாசலில் நின்று கொஞ்ச நேரம் கேட்டு, நல்ல மூச்சு என்று ஒப்புக்கொண்டு, அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். பெயிண்டர் இடிபாட்டிலேயே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, கண்கொட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தார். இருட்டியதும் அவள் நிறுத்தி, நிதானமாக ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். அவர் நாற்காலியை இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.