ஆன்டெனாவும் பன்னிரண்டு புறாக்களும்

2024 மே 12, ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்கு, சென்னையை அடுத்த கோவளத்தில் ஒரு மாடி வீட்டின் மேல் பழைய டி.வி. ஆன்டெனா ஒன்று இரண்டாவது முறையாக ஏற்றப்பட்டது.

மாமல்லபுரத்து லாட்ஜ் ஒன்று அதைப் பழைய இரும்புக்குப் போட்டிருந்தது. வீட்டிலிருந்தே வெளியூர், வெளிநாட்டு ஆட்களோடு பேசும் ஹாம் ரேடியோவுக்கு லைசென்ஸ் வைத்திருக்கும் ஜாக்குலின் அதை வாங்கி வந்து, ஆறு மீட்டர் அலைக்கு ஒத்துவரும்படி ஒவ்வொரு கம்பியின் இரு முனையிலும் அலுமினியக் குழாய் செருகி நீட்டினாள். டி.வி. அலையைவிட இந்த அலை நீளம். கம்பியும் நீண்டாக வேண்டும். இரண்டு மாதம் அளந்தாள், அறுத்தாள், மறுபடி அளந்தாள். ஆபீஸ் லீவில் பாதி இதில் கரைந்தது.

அவள் கணவன் சாம் பன்னிரண்டு பந்தயப் புறாக்கள் வளர்ப்பவன். போன ஞாயிறு எல்லாருக்கும் முந்தி வீடு திரும்பிய அவனுடைய புறா, கூண்டுக்குள் இறங்காமல் இந்த ஆன்டெனாமேல் நாற்பது நிமிடம் உட்கார்ந்து இறகு கோதியது. கூண்டுக்குள் நுழைந்தால்தான் பந்தயத்தில் சேர்த்தி.

"வர்ற ஞாயித்துக்கெயம ஆறு மணிக்குள்ள கடல் தாண்டி ஒரு ஆளாண்ட பேசிக் காட்டு. இல்லன்னா இது காயலாங்கடைக்கு" என்று அன்றே அதை இறக்கிப் போட்டுச் சொல்லிவிட்டான் சாம்.

இந்த முறை ஏற்றியவன் மாரி, படகு என்ஜின் மெக்கானிக். சர்ச்சுக்குக் கிளம்பும் அவசரத்தில் ஜாக்குலின் அவனிடம், "குட்டக் கம்பி கீற பக்கம்தான் மூக்கு, மாரி. பாத்துக் கட்டு" என்றாள். மூக்கு நீட்டும் பக்கம்தான் அலை போகும்; அது எந்தத் திசை என்று சொல்லவில்லை. கண்ணெதிரே கடல் கிடக்கும்போது அதை வேறு சொல்வானேன் என்று நினைத்தாள்.

திரும்பி வந்தபோது மாடியிலிருந்த சாம் கதவை அந்தப் பக்கம் தாழிட்டிருந்தான்; ஏறிப் பார்க்க வழியில்லை. பந்தய நாளில் மாடியில் புடவை தெரிந்தால் புறா இறங்காது என்பது சாம் போட்ட சட்டம்.

கீழ் அறையில் உட்கார்ந்து மைக்கில் கூப்பிட்டாள். சிங்கப்பூர் வரவில்லை. அந்தமான் வரவில்லை. மூன்று மணிக்கு மடியில் சோற்றுத் தட்டை வைத்துக்கொண்டு கூப்பிட்டாள்.

"கடல் இன்னா சொல்லுது?" என்று மாடியிலிருந்து சாம் அரைமணிக்கு ஒருதரம் விசாரித்தான்.

ஐந்து நாற்பதுக்கு இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு குரல் அவளுடைய அழைப்புக் குறியைத் திருப்பிச் சொன்னது. மஸ்கட்டிலிருந்து ஒருவர். இரண்டு நிமிடம் பேசினார்கள்.

சாம் இறங்கி வந்தான். "மஸ்கட்டு மேக்கால கீது. நம்ம கடல் கெயக்கால. இது எப்டி?"

மாரியை வரவழைத்தார்கள்.

"மூக்க ஊர்ப் பக்கம் வச்சுதான் கட்னேன்க்கா" என்றான் மாரி. "கரையேத்துன படகு ஊரப் பாத்துதான நிக்கும்? கடலப் பாத்து நின்னா தொயிலுக்குப் போவுதுன்னு அர்த்தம். இது வூட்லதான கீது."

"கேட்டியா? தப்பாக் கட்டிகினு ஜெயிச்சேன்றியா?" என்றான் சாம்.

"கடல் தாண்டணும்னுதான் சொன்ன. எந்தக் கடல்னு பேர் சொன்னியா? அரபிக்கடல் இன்னா ஏரியா, கொளமா?" என்றாள் ஜாக்குலின்.

மாரி தொண்டையைச் செருமினான். "அது பெரிய கடல் அண்ணாத்த."

ஆன்டெனா இறக்கப்படவில்லை. அடுத்த வாரம் சாம் புறாக் கூண்டைத் தன் தங்கை ரெஜினா வீட்டு மாடிக்கு மாற்றினான்.