பாதி ஆட்டம்

ரோஜாவின் உடலைக் கிடத்த இடம் வேண்டுமென்று அய்யம்மாள் பாயைச் சுருட்டக் குனிந்தாள். பாயின் நடுவே விளையாட்டு அட்டை விரித்தபடி கிடந்தது. மேலே மூன்று சட்டைப் பொத்தான்கள்.

"இத எங்கன வைக்க?" என்று தம்பியைக் கேட்டாள்.

முனியராஜ் அட்டையை மடித்தான். பொத்தான்களையும் சீட்டுகளையும் அள்ளிப் பெட்டியில் போட்டு பீரோவின் மேல் வைத்தான். கதவோரம் நின்ற மகள் சினேகா அவன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா போனதிலிருந்து அவள் அழவே இல்லை.

ரோஜா சிவகாசியில் ஒரு அச்சுக் கம்பெனியில் பெட்டி ஒட்டியவள். சிறுநீரகம் கெட்டு வேலையை விட்டபோது, கழிவில் போட்டிருந்த அந்த அட்டையைக் கேட்டு வாங்கி வந்தாள். நிறம் விலகி அச்சானது. தாஜ்மகாலுக்குப் பக்கத்திலேயே சிவப்பாக இன்னொரு தாஜ்மகால் தெரியும். மைசூரில் சந்தன யானை, ஜெய்ப்பூரில் வளையல், காஷ்மீரில் சால்வை என்று ஊர் ஊராகப் போய் ஞாபகப் பொருள்களின் சீட்டுகளைச் சேர்க்க வேண்டும். எல்லாவற்றோடும் முதலில் வீடு திரும்புகிறவர் ஜெயித்தவர். பெட்டியில் காய்கள் இல்லாததால் பொத்தான்கள். டயாலிசிஸுக்கு விருதுநகர் போய்வருவதைத் தவிர எங்கும் போகாத ரோஜா, வளையல் சீட்டு கிடைத்தால் மணிக்கட்டில் வைத்து அழகு பார்ப்பாள்.

அவள் போன அன்று ஞாயிற்றுக்கிழமை. பட்டாசு ஆலை லீவு என்பதால் முனியராஜும் ஆட உட்கார்ந்திருந்தான். சினேகாவுக்கு இன்னும் ஒரு சீட்டுதான் பாக்கி. ரோஜா பகடையைக் கீழே வைத்தாள்.

"போதும்டி. மூச்சு வாங்குது. கொஞ்சம் படுத்துக்கிறேன்."

"தோக்கப் போறேன்னு தெரிஞ்சதும் எந்திரிக்கிற. இனிமே ஒங்கூட ஆடவே மாட்டேன், போ."

ரோஜா சுவரைப் பிடித்துக்கொண்டு உள் அறைக்குப் போனாள். முனியராஜ் பின்னாலேயே போனான். கட்டிலில் சாய்ப்பதற்குள் அவள் தலை அவன் தோளில் விழுந்தது. உதடுகள் அசைந்தன. குனிந்து காதைக் கொடுத்தான். சத்தம் வரவில்லை. பக்கத்து வீட்டு பாலகுரு ஆட்டோவைக் கொண்டுவந்து நிறுத்துவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

மறுநாள் காலையில் எடுத்தார்கள். ஆலையிலிருந்து வேன் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். பெண்கள் கட்டிக்கொண்டு அழுதபோது சினேகா விறைத்து நின்றாள். "ஒரு சொட்டுக் கண்ணீர் வரலையே இந்தப் பிள்ளைக்கு" என்று யாரோ சொன்னது முனியராஜின் காதிலும் விழுந்தது.

சுடுகாட்டுக்குப் போய்க் குளித்துவிட்டுத் திரும்பியவனை அய்யம்மாள் வாசலிலேயே நிறுத்தினாள்.

"நேத்துலருந்து பச்சத்தண்ணி பல்லுல படல அவளுக்கு. எம்புட்டோ சொல்லிப் பாத்துட்டேன். நீயே ஊட்டுலே."

சொந்தக்காரர்கள் கொண்டுவந்த சோற்றில் ரசத்தை ஊற்றி எடுத்துக்கொண்டு போனான். சினேகா கொல்லையில் துவைகல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வாய் நீட்டினான். தலையை ஆட்டினாள்.

"நாந்தாம்ப்பா."

"என்ன தாயி?"

"நான் அப்படிச் சொன்னதுலதான் அம்மா..."

இருதயம் வீங்கியிருக்கிறது, எந்த நேரமும் எதுவும் நடக்கலாம் என்று டாக்டர் போன மாதமே சொன்னதெல்லாம் முனியராஜின் நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொல்லவில்லை.

"அம்மா உள்ள வந்து சிரிச்சிச்சு," என்றான். "'அவ வாயப் பாத்தீகளா, அப்படியே ஒங்கக்கா'ன்னுச்சு."

சினேகா நிமிர்ந்தாள்.

"நெசமாவா?"

"ஆமா."

"கோவமாச் சொல்லுச்சா?"

"சிரிச்சிச்சுன்னு சொல்றேன்ல."

அவள் வாயைத் திறந்தாள். சோற்றை வாங்கிக்கொண்டாள். மெல்ல மெல்லக் கண்ணீர் வழிந்து வாயோரம் இறங்கியது. துடைக்காமல் விழுங்கினாள்.

"வேற என்ன சொல்லுச்சு?"

முனியராஜ் தட்டைப் பார்த்தான்.

"மென்னு முழுங்கு. சொல்றேன்."

அடுத்த வாய்க்கான சோற்றை நிதானமாகப் பிசைய ஆரம்பித்தான்.