மூச்சு விடாதே!

அரியலூர் ரயிலடியில் இறங்கி, பெரம்பலூர் போவதற்காக வெளியே வருகிறவர்களுக்கு முதலில் தெரிவது பஸ் அல்ல, புகை. அந்தப் புகைக்கு நடுவே எங்கேயோ பஸ் இருக்கும். யுத்த காலம் அது. பெட்ரோலையெல்லாம் சண்டைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அதனால் பஸ்ஸின் முதுகில் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு உருளையைக் கட்டி, அதில் அடுப்புக்கரியைப் போட்டு எரித்து, அந்த வாயுவில் வண்டியை ஓட்டினார்கள். வெள்ளை வேட்டியோடு ஏறிய மனிதர் பெரம்பலூரில் இறங்கி வீட்டுக்குப் போனால், பெற்ற தாயே "கரி வேணாம்ப்பா, நேத்துதான் வாங்குனோம்" என்று கதவைச் சாத்திவிடுவாள்.

அந்தப் புகையைக் கிழித்துக்கொண்டு ஒரு குரல் வரும்.

"ஏ பன்னாடை! மூட்டையை மடியில வெச்சுக்க! அது என்ன ஒன் மாமியாளா, தனிச் சீட்டுல ஒக்கார வெக்கிறதுக்கு? ஏ மூதேவி, கோழிக்குக் காலைக் கட்டுனியே, வாயைக் கட்டுனியா? கோழி வாயைச் சொல்லல, ஒன் வாயை!"

அதுதான் கண்டக்டர் அரங்கநாதன். அவன் வாயைத் திறந்தால் ரயிலடி வேப்பமரத்துக் காக்கைகள் குடும்பத்தோடு வேறு ஊருக்குக் குடிபெயரும். அவன் போட்ட "ரைட்!" சத்தத்தைக் கேட்டு, திருச்சி ரயில் சிக்னல் விழாமலே புறப்பட்டுப் போனது என்று சொல்வார்கள். அதை நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் அவன் வசவை வாங்காதவர் அந்தத் தடத்தில் ஒருவரும் கிடையாது என்பதை மட்டும் நம்பியே ஆக வேண்டும்.

டிரைவர் சவரியார் ஏலாக்குறிச்சிக்காரர், சாது. ஒரு நாள் அவர் சொன்னார்: "அரங்கா, இந்தக் கத்து கத்துனா நெஞ்சு வெடிச்சிரும்டா. நம்ம டிரில் மாஸ்டரைப் போய்ப் பாரு. யோகாசனம் சொல்லித் தராராம்."

டிரில் மாஸ்டர் கிருஷ்ணமூர்த்தி பெரம்பலூர்ப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர். அரங்கநாதனைவிட இளையவர். "மூச்சு அடங்குனா மனசு அடங்கும்" என்று சொல்லி, விடியற்காலையில் குளத்தங்கரையில் வைத்துப் பாடத்தை ஆரம்பித்தார்.

அரங்கநாதன் பிடித்தால் உடும்புப் பிடி. மற்றவர்கள் வருஷக்கணக்கில் கற்பதை அவன் ஆனி பிறந்து ஆடி முடிவதற்குள் முடித்துவிட்டான். பஸ் கூரைமேல் ஏறிச் சிரசாசனம் போட்டான். தலைகீழாக நின்றபடியே டிக்கெட் கிழித்தான். வழியில் பேரளி என்ற ஊர் வந்ததும், மயிலைப் போல உடம்பை இரண்டு கையில் தாங்கிக்கொண்டு, "பேரளி எல்லாம் எறங்கு!" என்றான். மூச்சை உள்ளே இழுத்து நிறுத்தினான் என்றால், பயணிகள் அவனை மறந்து, குடும்பக் கதை பேசி, கண்ணயர்ந்து எழுந்த பிறகுதான் விடுவான்.

வந்தது வினை! இழுத்த மூச்சையெல்லாம் அவன் எதற்குச் செலவழித்தான் என்கிறீர்கள்? முன்பெல்லாம் நாலு வசவுக்கு ஒரு முறை மூச்சு வாங்குவான். அந்த இடைவெளியில் பயணிகள் கொஞ்சம் பிழைத்துக்கொள்வார்கள். இப்போது நெஞ்சு கொல்லன் துருத்தி மாதிரி ஆகிவிட்டது. அரியலூரில் ஆரம்பித்த வசவுக்குப் பேரளியில்தான் முற்றுப்புள்ளி.

பெரம்பலூரில் இருந்த அவன் வீட்டில் அதைவிட மோசம். குழம்பில் உப்புக் குறைந்தால் ஒரு கச்சேரி, கூடினால் இரண்டு கச்சேரி. மனைவி உண்ணாமலை பதில் சொல்ல வாயெடுத்தால், "நான் பேசறப்ப நீ மூச்சு விடக்கூடாது!" என்பான். அந்த வீட்டில் அதுதான் சட்டம். கடைசியில் ஒரு நாள் அவள் துணிமூட்டையைக் கட்டிக்கொண்டு அரியலூரில் இருந்த தாய்வீட்டுக்குப் போய்விட்டாள்.

போகும்போது டிரில் மாஸ்டரிடம் அவள் சொன்னது இதுதான்: "முன்னெல்லாம் இவரு மூச்சு வாங்குற நேரத்துல நான் ஒரு வாய் சோறு திம்பேன் சார். ஒங்க யோகாசனம் வந்ததும் அதுக்கும் வழியில்லாமப் போச்சு."

கிருஷ்ணமூர்த்திக்கு முகத்தில் அறைந்தாற்போல் ஆகிவிட்டது. இரண்டு நாள் பொறுத்து அரங்கநாதனிடம் வந்தார். "யோவ், நான் ஒனக்குச் சொல்லிக் குடுத்தது பாதி. மீதியை நீ கேக்கவே இல்ல. தலைகீழா நிக்கிறது ஆசனம்யா. நேரா நின்னு நாலு பேரோட பழகுறதுதான் யோகம்."

அரங்கநாதன் வழக்கம்போல் வாயைத் திறந்தான். ஆனால் இருட்டிக் கிடந்த வீடும், எரியாத அடுப்பும், மூன்று வேளையும் தின்ற கடைப் பொரியும் கண்முன் வந்து நின்றன. "அவளைக் கூட்டியாந்துடுங்க சார். என்ன சொன்னாலும் கேக்குறேன்" என்றான்.

மாஸ்டர் தூது போனார். உண்ணாமலை ஒரு நிபந்தனை விதித்தாள். அவளும் அவள் தாய் ஆண்டாயியும் அவன் பஸ்ஸிலேயே அரியலூரிலிருந்து பெரம்பலூர் வருவார்கள். வழியில் அவன் யாரையும் ஒரு வார்த்தை வையக் கூடாது. வைதால் அங்கேயே இறங்கி எதிர் வண்டியில் தாய்வீடு திரும்பிவிடுவாள். அதன்பிறகு தூதும் கிடையாது, பேச்சும் கிடையாது.

அந்த நாளும் வந்தது. அரங்கநாதன் நெற்றி நிறைய விபூதியோடு வாசல்படியில் நின்றான். உண்ணாமலை ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பக்கத்தில் மாஸ்டர், நடுவர் மாதிரி. ஆண்டாயி ஒரு மண்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறினாள்.

"குடுங்க அத்தை, குடுங்க! நீங்க எதுக்கு செரமப்படுறீங்க?" என்று அரங்கநாதன் பாய்ந்து வாங்கினான்.

"மடியிலயே வெச்சுக்கிறேன் மாப்ளே..."

"அதெல்லாம் கூடாதுங்க!" மரியாதை வழிய வழியக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்க் கூரைமேல், கரிச்சாக்கின் மேல் பத்திரமாக வைத்தான்.

வண்டி கிளம்பியது. ஊர் எல்லை தாண்டுவதற்குள்ளேயே ஒருவர் மூட்டையைச் சீட்டில் வைத்துவிட்டுத் தான் நின்றுகொண்டு வந்தார்.

"ஏ பன்னா..." என்று ஆரம்பித்தவன் ஜன்னலோரம் பார்த்தான். "பன்... பன்னெண்டு மணிக்கெல்லாம் போயிடலாம்ங்க, ஒக்காருங்க!"

கோழிக்கூடை வைத்திருந்த அம்மாள் தன் கோழியை அவன் தோளில் ஏற விட்டாள். அது அங்கே செய்யக்கூடாததைச் செய்தது.

"மூதே... மூ... மூணாவது சீட்டுல எடம் இருக்கும்மா, அங்க போயி சௌகரியமா ஒக்காருங்க."

ஒரு பெரியவர் கடைசி நேரத்தில், "எங்க ஊரு போயிருச்சா?" என்று கேட்டார். போய் வெகுநேரமாயிற்று. "சனி... சனிக்கெழமை சந்தைக்கு இந்தப் பக்கமாத்தானே வருவீங்க, அப்பப் பாத்துக்கலாம்ங்க."

பஸ்ஸே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. முன்னே சவரியார் குலுங்கிய குலுக்கலில் ஸ்டியரிங் ஆடி, வண்டி ஒரு புளியமரத்தை விசாரித்துவிட்டுத் திரும்பியது. உண்ணாமலை மட்டும் சிரிக்கவில்லை.

"வாய்தான் சார் திரும்புது" என்று மாஸ்டரிடம் சொன்னாள். "உள்ள வஞ்சுகிட்டேதான் வராரு. அந்தக் கண்ணைப் பாருங்க. வூட்டுக்குப் போனதும் இதெல்லாம் சேத்து வெச்சு என் தலையிலதான் கொட்டும்."

மாஸ்டர் பார்த்தார். அரங்கநாதனின் கழுத்து நரம்பு புடைத்து, முகம் கத்திரிக்காய் நிறத்தில் இருந்தது.

பேரளி தாண்டி ஒரு மேடு. அதில் ஏறும்போது சக்கரம் பள்ளத்தில் விழுந்து எழுந்தது. கூரைமேல் 'டமார்' என்று ஒரு சத்தம். பாதி மேட்டில் வண்டி இருமியது, விக்கியது, நின்றுவிட்டது. எல்லாரும் இறங்கினார்கள். சவரியார் உருளையைத் திறந்து பார்த்தார். நெருப்பு சாகக் கிடந்தது. "கரியைப் போடு அரங்கா!"

அரங்கநாதன் கூரையிலிருந்து கரிச்சாக்கை இழுத்தான். சாக்கிலிருந்து வெள்ளையாக என்னவோ ஒழுகி அவன் தலையில் இறங்கியது. மோர்! குடம் உடைந்து, சாக்கில் பாதிக் கரி மோரில் ஊறிக் கிடந்தது. ஊர் நடுவில் நின்றாலாவது வேறு கரி கிடைக்கும். இங்கே சுற்றிலும் சோளக்கொல்லை.

காலையிலிருந்து அவன் அடக்கி வைத்திருந்த பன்னாடை, மூதேவி, சனியன் எல்லாம் ஒன்றாகத் திரண்டு மேலே வந்தன. குளத்தங்கரையில் இழுத்த மூச்சையெல்லாம் சேர்த்து ஒரே மூச்சாக இழுத்தான். சுற்றி நின்றவர்களின் துண்டுகள் அவன் பக்கமாகப் பறந்தன. நேரே மாமியாரைப் பார்த்தான்.

"ஏ கிழ...!"

பயணிகள் காதைப் பொத்தினார்கள். எதிரே அரியலூர் போகும் வண்டி மேட்டில் வந்துகொண்டிருந்தது. உண்ணாமலையின் துணிமூட்டை அவள் கையில் இருந்தது.

அப்போதுதான் அவன் அவளைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. கண்ணை இறுக மூடி, தோளைக் காதுவரை தூக்கிக்கொண்டு நின்றாள். மூக்கு அசையவில்லை. நெஞ்சு எழவில்லை. இழுத்த மூச்சை அப்படியே நிறுத்தி வைத்திருந்தாள். மாஸ்டர் சொல்லிக் கொடுத்து அவன் கஷ்டப்பட்டுக் கற்ற அதே வித்தை! அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? 'நான் பேசறப்ப நீ மூச்சு விடக்கூடாது' என்று கல்யாணம் ஆன நாளிலிருந்து தினமும் மூன்று வேளை சொல்லிக் கொடுத்தவன் அவனேதான்.

அரங்கநாதனுக்கு வாயில் இருந்த வசவு செத்துப்போனது. கிழவி என்று முடிய வேண்டிய சொல், இந்த முறை பயந்து திரும்பவில்லை. தானாகவே தணிந்து வந்தது.

"கிழக்கால தள்ளி நில்லுங்க அத்தை, பொகை அடிக்குது. கொடத்தை மேல வெச்சது நான்தானே. ஒங்களைச் சொல்லி என்ன இருக்கு?"

"ஒங்களுக்குப் புடிக்குமேன்னுதான் மாப்ளே கடைஞ்சு கொண்டாந்தேன்" என்றாள் ஆண்டாயி, கண் கலங்கி.

"அதான் தலை நெறைய ஊத்திக்கிட்டேனே அத்தை, குளுகுளுன்னு இருக்கு!" என்றவன் மனைவியிடம் திரும்பினான். "உண்ணாமலை... மூச்சு விடு. இனிமே நல்லா மூச்சு விடு."

அவள் விட்டாள். எத்தனை வருஷத்து மூச்சோ! பக்கத்துச் சோளக்கொல்லை ஒரு தரம் சாய்ந்து நிமிர்ந்தது.

"அதெல்லாம் சரி" என்றார் சவரியார். "நெருப்பு அணையுதே! நெருப்புக்குக் காத்து அடிக்கிற காத்தாடிக் கைப்புடியும் நேத்தே ஒடிஞ்சு போச்சு."

அரங்கநாதன் சாக்கின் அடியிலிருந்து ஈரம் படாத கரியாகப் பொறுக்கிப் போட்டான். கோழிக்கூடை அம்மாள் அரியலூரில் வாங்கிய புது இரும்பு ஊதாங்குழலைக் கேட்டு வாங்கினான். உருளையின் வாயருகே மண்டியிட்டு, வசவுக்கென்று சேர்த்து வைத்திருந்த அந்தப் பெருமூச்சு முழுவதையும் அதன் வழியே விட்டான்.

ஊதினான் பாருங்கள், ஊதல்! செத்த கரி சிவந்தது. சிவந்த கரி சீறியது. எஞ்சின் பிடித்துக்கொண்டு, டிரைவர் ஏறுவதற்கு முன்பே வண்டி மீதி மேட்டில் பாதி தூரம் ஏறிவிட்டது. சவரியார் "ஏசுவே!" என்று கத்திக்கொண்டு பின்னாலேயே ஓடி ஏறி, மேட்டு உச்சியில் நிறுத்தி எல்லாரையும் ஏற்றிக்கொண்டார். அந்த யுத்த காலத்தில் பெரம்பலூருக்குக் குறித்த நேரத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்த ஒரே கரி பஸ் அதுவாகத்தான் இருக்கும்.

பெரம்பலூரில் எல்லாரும் இறங்கினார்கள். அரியலூருக்குப் போகும் அடுத்த வண்டி பக்கத்திலேயே தயாராக நின்றது. அதன் கண்டக்டர், "அரியலூர், அரியலூர்!" என்று கூவினான். உண்ணாமலை துணிமூட்டையோடு அதைப் பார்த்தபடி நின்றாள். அரங்கநாதன் தலையில் மோரும், முகத்தில் கரியும், தோளில் கோழி வைத்த அடையாளமுமாக எதிரே நின்றான். வா என்று கூப்பிடவில்லை. கூப்பிடும் தகுதி தனக்கு இருக்கிறதா என்று அவனுக்குத் தெரியவில்லை.

கோழிக்கூடை அம்மாள் வந்து ஊதாங்குழலை உண்ணாமலை கையில் திணித்தாள். "நீயே வெச்சுக்க ஆயா. ஒம் புருசன் வாய் பட்டதுல இனிமே நான் ஊதுனா என் வூட்டுக் கூரையில்ல பறந்துரும்!"

உண்ணாமலைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துணிமூட்டையை அரங்கநாதன் கையில் கொடுத்தாள். ஊதாங்குழலையும் கொடுத்தாள்.

"மாஸ்டர் சார், நீங்களும் கேட்டுக்கங்க. ஊதுறது ஒரே மூச்சுதான். வெளக்கையும் அணைக்கும், அடுப்பையும் பத்த வெக்கும். மூச்சை எவ்வளவு நேரம் புடிச்சோங்கிறது யோகம் இல்ல, அதை எதுக்கு விட்டோங்கிறதுதான் யோகம். கொளத்தங்கரையில தலைகீழா நின்னப்ப இவரு ஒண்ணும் கத்துக்கல. கோவம் வந்த நேரத்துல எதுத்தாப்புல நிக்கிறவ மொகத்தைப் பாத்தாரே, அங்கதான் கத்துக்கிட்டாரு."

மாஸ்டர் கையெடுத்துக் கும்பிட்டார். "நாளையிலேருந்து பாடத்தை அங்கேருந்தே ஆரம்பிக்கிறேம்மா."

"வூட்டுக்குப் போனா என்ன செய்யணும்?" என்று கேட்டான் அரங்கநாதன், நல்ல பிள்ளையாக.

"அடுப்பை ஊதணும். சோறு வேகற வரைக்கும்."

"அவ்வளவு நேரமா? நடுவுல மூச்சு வாங்கலாமா?"

"தாராளமா" என்றாள் உண்ணாமலை. "நம்ம வூட்டுல இனிமே எல்லாரும் மூச்சு விடலாம்."