ஒன்றரை கிலோமீட்டர் தையல் கடை

கோவில்பதாகை மெயின் ரோட்டில் இருக்கும் கஸ்தூரி லேடீஸ் டெய்லர்ஸ் வெளியிலிருந்து பார்த்தால் பத்தடி அகலம், பதினாலடி நீளம். உள்ளே, சென்ற ஆவணி மாத நிலவரப்படி, ஒன்றரை கிலோமீட்டர். கட்டடத்துக்குச் சொந்தக்காரர் நடேசன் இதைக் கேள்விப்பட்டதும் வாடகையை ஏற்றலாம் என்று டேப்போடு ஓடிவந்தார். பின்சுவருக்கு வெளியே அவருடைய முருங்கை மரம் நின்ற இடத்திலேயே நின்றது. பக்கத்துக் கடைகளில் ஓரங்குலம் குறையவில்லை. அக்ரிமெண்டிலோ பத்துக்குப் பதினாலு என்றுதான் இருந்தது. மனுஷன் உள்ளே இருநூறு அடிவரை அளந்துகொண்டே போய், மூட்டுவலி தாங்காமல் திரும்பிவந்து, ஒரு கோலி சோடா குடித்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

கஸ்தூரி நல்ல டெய்லர். வெள்ளானூரில் அவள் அம்மா நாற்று நட்ட வயலில் இப்போது ஐந்து மாடிக் கட்டடங்கள் நிற்கின்றன. அங்கே ஐடி கம்பெனி வேலைக்காகக் குடிவந்த பெண்கள்தான் அவளுடைய வாடிக்கை. ஜாக்கெட் தைக்க ஆவடியில் ஆளா இல்லை? ஆனால் கஸ்தூரி தைத்தால் அது உடம்புக்கு உட்காரும். ஒருத்திக்கு வலது தோள் அரை அங்குலம் தாழ்வு, இன்னொருத்திக்கு முதுகில் தீக்காயத் தழும்பு. கஸ்தூரி எதையும் கேட்க மாட்டாள். பார்ப்பாள், தன் அளவு நோட்டில் தனக்கு மட்டும் புரிகிற குறியைப் போட்டுக்கொள்வாள், துணியில் அதைச் சரிசெய்துவிடுவாள். ஜெபா என்ற நாகர்கோவில் பெண்ணுக்கு ஆபரேஷனில் இடது மார்பை எடுத்திருந்தார்கள். அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே கஸ்தூரி உள்பக்கம் இடதில் மெல்லிய மல்துணியை மடித்து மடித்து வைத்துத் தைத்துக் கொடுத்தாள். ஜெபா அதைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் கண்ணாடியைப் பார்த்தாள். “யார்ட்டயும் சொல்லிராதீங்கக்கா” என்றாள். கஸ்தூரி சத்தியம் செய்தாள். அப்படி அவள் நோட்டில் பன்னிரண்டு பெண்கள் இருந்தார்கள்.

அதனால்தான் அவள் ஆள் வைக்கவில்லை. ஆள் வைத்தால் நோட்டைக் காட்ட வேண்டும். காட்டினால் ஒரு வாரத்தில் கோவில்பதாகை ஏரிக்கரை வரைக்கும் பேச்சாகிவிடும் என்று பயந்தாள். பொய்யான பயம் என்று சொல்லிவிட முடியாது. ஊர் வாய் எப்படிப்பட்டது என்று நமக்கும் தெரியும்.

மூன்று வருடத்துக்கு முன்பு ஓர் ஆடி மாதம், மெஷினிலிருந்து எழுந்து கவுண்டருக்கு வர நாலு எட்டுக்குப் பதில் ஐந்து எட்டு ஆனது. கஸ்தூரி இஞ்ச் டேப்பை எடுத்து அளந்தாள். கணக்கு சீக்கிரமே பிடிபட்டது. துணியை வாங்கிக்கொண்டு “நானே தச்சுத் தரேன்” என்று சொல்கிற ஒவ்வொரு தடவையும் கடை ஓர் அங்குலம் நீண்டது. அடுத்த வருடம் தடவைக்கு ஒரு முழம். சென்ற ஆடியில் ஆவணி முகூர்த்தத்துக்கான துணிகள் மூட்டை மூட்டையாக வந்தபோது தடவைக்குப் பத்துத் தப்படி. மெஷினைத் தரதரவென்று இழுத்துவந்து கவுண்டரை ஒட்டிப் போட்டும் பார்த்தாள். மறுநாள் காலையில் மெஷின் பழையபடி தொலைவில் கிடந்தது, நடுவில் வெறும் தரை. மின்விசிறிக் காற்று பாதி வழியிலேயே நின்றுவிடும். மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து நிமிர்ந்தால் ஷட்டர் வெளிச்சம் ஒரு சட்டைப் பொத்தான் அளவுக்குத் தெரியும். கவுண்டரில் நிற்பது யார், எவ்வளவு நேரமாக நிற்கிறார்கள், கோபமா, ஒன்றும் தெரியாது. போன் போட்டால் தொடர்பு எல்லைக்கு அப்பால் என்று சொல்லும்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டும் அவள் புருஷன் டில்லிபாபு பொறுத்துப் பொறுத்துப் பார்த்தான். “இன்னாம்மே, ஊட்டுக்கு வர்ற உத்தேசம் உண்டா, இல்ல அங்கியே குடித்தனம் வெச்சுக்கினியா? ஒரு ஆளப் போட்டா இன்னா கொறஞ்சுடும்?” என்று கேட்டான். அவள் மனசுக்குள் வேறு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. இப்படியே போனால் தை பிறப்பதற்குள், காலையில் உள்ளே நடந்து போகிறவள் சாயங்காலத்துக்குள் வெளியே வர முடியாது. இதை நினைத்தாலே போதும், ஊசியைக் கீழே போட்டுவிட்டு ஷட்டர் வெளிச்சப் பொத்தான் இன்னும் தெரிகிறதா என்று பார்ப்பாள். தெரிந்ததும் மூச்சு வரும். ஆனாலும் அடுத்தவள் துணியை நீட்டினால் வாய் தானாக “நானே” என்றுதான் சொல்லும். பாழாய்ப்போன வாய்!

இதற்கிடையில் விஜி என்று ஒருத்தி மூன்று தடவை வேலை கேட்டு வந்தாள். நெமிலிச்சேரிக்காரி. எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஒருத்தி காலர் தைத்தால் ஒருத்தி பட்டன் வைப்பாள், இன்னொருத்தி கை தைப்பாள். விஜி பதினோரு வருடமாகக் கை. கம்பெனியை மூடிவிட்டார்கள். முதல் தடவை கஸ்தூரி, “கை மட்டும் தெச்சவளை வெச்சிக்கினு நான் இன்னா பண்றது?” என்று அனுப்பிவிட்டாள். இரண்டாம் தடவை உள்ளேயிருந்தே “வேணாம்மா” என்று கத்தினாள். மூன்றாம் தடவை அவள் கத்தியது கவுண்டர் வரை வந்து சேரவே இல்லை. விஜி பதிலுக்காக ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

அப்போது மத்தியானம் பன்னிரண்டு மணி. ஜெபா ஆட்டோவிலிருந்து இறங்கி ஓடிவந்தாள். ஊரில் தங்கைக்குக் கல்யாணம், சாயங்காலம் எழும்பூரில் ரயில். முந்தின நாள் வாங்கிப்போன ஜாக்கெட்டை இப்போதுதான் போட்டுப் பார்த்திருக்கிறாள். கவுண்டரில் நின்று கூப்பிட்டாள், கூப்பிட்டாள், குரல் உடைந்தது. விஜிக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. “வா தாயி, நடந்தே போலாம்” என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். துணி மூட்டைகளுக்கு நடுவே இருபது நிமிடம் நடந்தார்கள்.

தூரத்தில் இரண்டு உருவம் வருவதைக் கஸ்தூரி பார்த்தாள். வருடக்கணக்கில் அவள் மெஷின்வரை யாரும் வந்ததில்லை. ஜெபா ஜாக்கெட்டை உள்வெளியாகத் திருப்பிக் காட்டினாள். மல்துணி வலது பக்கம் இருந்தது.

வையட்டும், அடிக்கட்டும் என்று கஸ்தூரி காத்திருந்தாள். அதைவிட, பக்கத்தில் முன்பின் தெரியாத ஒருத்தி நின்று பார்க்கிறாளே என்று உயிர் போனது. பிரிக்கலாம் என்று பிளேடை எடுத்தாள்.

“எம்மா, நீ வெளிய போ” என்றாள் விஜியிடம்.

“இருக்கட்டும்க்கா” என்றாள் ஜெபா. “யார்ட்டயும் சொல்லாதீங்கன்னு சொன்னது நாந்தான். நீங்க ஒருத்தியாவே இத்தன பேரையும் சொமந்துட்டுக் கெடந்தா, மாறித்தான் போவும்.” சொல்லிவிட்டு ஜாக்கெட்டைக் கஸ்தூரியிடம் கொடுக்கவில்லை, விஜியிடம் நீட்டினாள். “எடப்பக்கம். எனக்கு அங்க இல்ல.”

விஜி முகத்தில் ஒன்றும் மாறவில்லை. தரையில் உட்கார்ந்து பிளேடால் தையலைப் பிரித்தாள். துணியில் ஒரு நூல் அடிபடவில்லை. “இத மூணா மடிச்சா தடிக்குதுக்கா, ரெண்டா மடிச்சு ஓரத்துல சரிச்சுக்கலாமா?” என்று கேட்டாள். மூன்று வருடத்தில் முதல் தடவையாக ஒரு வேலையைப் பற்றிக் கஸ்தூரியிடம் ஒருத்தி யோசனை கேட்டிருக்கிறாள். கஸ்தூரிக்குப் பொலபொலவென்று அழுகை வந்தது. அழுதுகொண்டே “சரிச்சுக்கோ” என்றாள். இரண்டு மணிக்கு ஜெபா ஜாக்கெட்டைப் போட்டுப் பார்த்தாள், ரயிலும் கிடைத்தது.

அன்று வெளியே வந்ததும் கவுண்டரில் ஒரு பெண் துணியோடு நின்றாள். கஸ்தூரி வாயைத் திறந்தாள், அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. “விஜி தெச்சுத் தருவா” என்றாள். டேப்பை எடுத்து அளந்தபோது கடை ஓர் அங்குலமும் நீளவில்லை.

சுருங்கியதா என்றால், இல்லை. இன்றும் அதே ஒன்றரை கிலோமீட்டர்தான். விஜிக்கு வாங்கிய மெஷினைக் கவுண்டரை ஒட்டிப் போட்டார்கள், போட்ட இடத்திலேயே நிற்கிறது. மார்கழியில் நாகம்மா என்று இன்னொருத்தி சேர்ந்தாள், அவள் மெஷினும் பக்கத்திலேயே. மிச்ச இடம் சும்மாதான் கிடக்கிறது. மழைக்காலத்தில் தெருக்காரர்கள் துணி உலர்த்தக் கேட்டால் கஸ்தூரி மறுப்பதில்லை.

நோட்டை மட்டும் அவள் அப்படியே தூக்கிக் கொடுத்துவிடவில்லை. ஜெபா ஏற்கெனவே தன் வாயால் சொல்லிவிட்டாள். மற்ற பதினோரு பேருக்கும் ஒவ்வொருவராகப் போன் போட்டு, கடையில் விஜி என்று ஒருத்தி இருக்கிறாள், உங்கள் அளவை அவளுக்குச் சொல்லலாமா என்று கேட்டாள். ஏழு பேர் சரி என்றார்கள். நாலு பேர் வேண்டாம் என்றார்கள். அந்த நாலு பேரின் துணி வந்தால் கஸ்தூரி விஜியிடம் கவுண்டரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, தன் பழைய மெஷினை நோக்கி உள்ளே நடக்கிறாள். போக இருபது நிமிடம், வர இருபது நிமிடம்.